தூரம் வீசுகிறவர்

தூரம் வீசுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. கடற்கரை ஊர்களில் அது வளர்வதில்லை. அங்கே ஆட்களுக்கு மீன் பிடிக்கும் வேலை இருக்கிறது. கடலே இல்லாத பெங்களூரில்தான் அது கொழுத்து வளர்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரவுசிங் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்க, இவர் மட்டும் அலைக்கு அப்பால் தூண்டில் வீசுவது எப்படி என்று ஏதோ தேசத்துக்காரன் எழுதியதை அச்செடுத்துக்கொண்டிருப்பார்.

கையில் கிடைத்த ஓர் உதாரணம், லிங்கராஜபுரம் ரெமிஜியஸ். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். கல்யாணமான புதிதில் மனைவி ஜோசஃபினிடம், "கடல்ல நானே மீன் புடிச்சு, கரையிலயே வறுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டார். கோலார் தங்கவயலில் வளர்ந்த பெண். ஐஸ் காணாத மீனைத் தின்றதே இல்லை. நம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அவள் சட்டியைத் தேய்த்து வைப்பாள். ஒவ்வொரு கோடையிலும் அவருக்கு ஏதோ ஒன்று குறையும். தூண்டில் கோல் பத்தடிதான், பதின்மூன்று அடி வேண்டும். பதின்மூன்று அடி வந்தால் அது கனம், கார்பன் வேண்டும். கார்பன் வந்தால் தூண்டில் நரம்பு சுற்றும் சுருளின் வாய் சிறிது. வாய் அகன்ற சுருள் வந்தால் நரம்பு தடிமன், காற்றில் இழுபடும். மெல்லிய நரம்பு வந்தால் வீசும் வேகத்தில் அறுந்து, நுனியில் கட்டிய ஈயக்குண்டு தனியாகப் பறக்கும், ஆகவே முனையில் மட்டும் தடித்த நரம்பு முடிய வேண்டும், அந்த முடிச்சு கோலின் வளையங்களில் தட்டாமல் போக வேண்டும், அதைப் பழக ஒரு மழைக்காலம். ஆயிற்றா? ஆகவில்லை. சுருளின் விளிம்புக்குத் தீக்குச்சிக் கனம் கீழே வரை நரம்பு நிரம்பியிருக்க வேண்டுமாம். அவருடையது இரண்டு தீக்குச்சி கீழே இருந்தது. அந்த ஆண்டும் போகவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் மைதானத்துக்குப் போவார். வீசுவார். ஈயம் புழுதியில் விழும். டேப் பிடித்து அளப்பார். அங்கே கிரிக்கெட் ஆடும் நாகேஷ் ஒருநாள் கேட்டான்:

"இன்னா சார், மண்ணுல மீனு சிக்குதா?"

"டிஸ்டன்ஸ் பார்க்கறேன்பா. மீனு தூரத்துலதான் இருக்கும்."

"யார் சார் சொன்னாங்க, மீனா?"

இந்த இனத்தின் காதில் கேள்விகள் விழுவதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது மட்டும் விழும்.

போன கோடையில், சாக்குச் சொல்ல எந்தச் சாமானும் மிச்சமில்லாமல், புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கடற்கரைக்குப் போனார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் கோலுக்கு. ஜோசஃபின் மடியில் சட்டி, சட்டிக்குள் எண்ணெய்ப் புட்டி, அரைத்து உருட்டிய மசாலா. கரையில் கல் கூட்டிச் சுள்ளி பொறுக்கி வைத்தாள். ரெமிஜியஸ் கோலைப் பூட்டினார், காலை அகட்டினார், வீசினார். ஈயம் எங்கோ போனது. உண்மையிலேயே எங்கோ. சுருட்டினார். மறுபடி வீசினார். சுருட்டினார்.

ஜோசஃபின் கிட்டே வந்து, சொட்டிக்கொண்டிருந்த ஈயத்தைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னாங்க, முள்ளு எங்க?"

இத்தனை வருடத்தில் அவர் ஒரு தூண்டில் முள்கூட வாங்கியிருக்கவில்லை. மைதானத்தில் அது தேவைப்படவில்லை. மனிதர் வெட்கப்பட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

"முள்ளு, இரை எல்லாம் மாட்டினா காத்து புடிக்கும், ஜோசி. பத்துப் பதினஞ்சு அடி கொறையும்."

அவள் கல் கூட்டிய இடத்துக்குத் திரும்பிப் போனாள். சட்டியிலிருந்து மசாலா உருண்டையை எடுத்துக் கடலைப் பார்த்து எறிந்தாள். முழங்கால் தண்ணீரில் விழுந்தது. விழுந்த இடத்தில் மீன்கள் முட்டி மோதிக்கொண்டு துள்ளின.

ரெமிஜியஸ் அதைக் கவனித்தார்.

"மணிக்கட்டச் சுண்டவேயில்ல நீ. அதான் கிட்டயே விழுந்துடுச்சு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நல்ல மேசை ஒன்று அமைந்ததும் எழுத உட்காரலாம் என்றும், அலமாரி வந்ததும் புத்தகங்களைப் பிரிக்கலாம் என்றும் இருக்கிறவர்தானே நீங்கள்? எழுந்து சமையலறைப் பக்கம் போய்ப் பாருங்கள். யாரோ ஒரு சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கக்கூடும்.