மகனுக்கு வீடு பார்த்த கதை

அன்பு மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை; இப்போதைக்குப் பாதி நலம், மீதிக்கு முயற்சி நடக்கிறது. நீயும் உன் வீட்டாரும் முழு நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உன்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கப் போகிறேன்.

லாரிப் பட்டறையில் முதுகில் அடிபட்ட என் பிள்ளை, உன் மருமகன், வலி போன பிறகும் வலி மாத்திரையை விட முடியாமல் நம் எல்லாரையும் இரண்டு வருடம் ஆட்டிவைத்தது உனக்குத் தெரியும். சிகிச்சை இல்லத்தில் மூன்று மாதம் முடியும் சமயம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "நேரா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. இவரை மாதிரி மீண்டு வர்றவங்க சேர்ந்து தங்குற வீடுங்க இருக்கு. ஆறு மாசம் அங்க இருந்துக்கிட்டே வேலைக்குப் போகட்டும்" என்றார். உன் அக்கா அதற்குள் அவன் அறைக்குப் புதுத் திரைச்சீலையே தைத்து முடித்திருந்தாள். திரைச்சீலை காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் வீடு பார்க்கக் கிளம்பினேன்.

முதல் வீட்டில் நீச்சல் குளம் இருந்தது. மேலாளர் குளத்தைக் காட்டிய அளவுக்கு அங்கே தங்கியிருப்பவர்களைக் காட்டவில்லை. யாராவது மறுபடி மாத்திரை போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் இங்க நடக்காது சார்" என்றார். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். என் வண்டியில் டிக்கெட் எடுக்காத ஆளே கிடையாது என்று சொன்ன கண்டக்டரை ஒருநாளும் நம்பியதில்லை. இரண்டாவது வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் பூட்டு. பொறுப்பாளரின் இடுப்புச் சாவிக்கொத்துச் சத்தத்தில் அவர் பேசியதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே போதும் என்று திரும்பிவிட்டேன்.

மூன்றாவது வீடு ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால். எட்டுக் கட்டில், ஆறு பேர், யார் என்றைக்குப் பாத்திரம் தேய்ப்பது என்று சமையலறைச் சுவரில் அட்டவணை. உள்ளே நுழைந்ததுமே வார்டன் என் கையில் ஒரு படிவத்தையும் மூடி போட்ட சின்ன டப்பாவையும் கொடுத்துக் கழிவறையைக் காட்டினார். பெற்றோரையும் சோதிக்கிறார்களே, கறாரான இடம்தான் என்று எனக்குத் திருப்தி. இரண்டையும் நிரப்பிக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து வந்து, "சுத்தமா இருக்கீங்க, நல்ல ஆரம்பம். விட்டு எத்தனை நாளாச்சு?" என்றார்.

"எதை?" என்றேன்.

"முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க. தைரியமாப் பேசுங்க பெரியவரே" என்று தோளைத் தட்டினார்.

விஷயத்தை விளக்கி, அவர் மன்னிப்புக் கேட்டு முடித்ததும், முதல் வீட்டில் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். "நடக்கும் சார். போன மாசம்கூட ஒருத்தர் மறுபடி மாத்திரை போட்டுட்டார். திரும்ப சிகிச்சைக்கு அனுப்பியிருக்கோம். அவர் கட்டிலை யாருக்கும் குடுக்கல" என்றார். அந்தக் கட்டிலில் போர்வை மடித்து வைத்திருந்தது. எனக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இல்லை.

டப்பா விவகாரத்தைச் சொன்னதும் உன் மருமகன் சிரித்தான் பார், இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. "நீங்க பாஸான எடத்துலயே நானும் எழுதறேம்பா" என்றான். திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டேன்.

முதல் முப்பது நாள் குடும்பத்தார் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அங்கே விதி. உன் அக்காவோ, "சும்மா தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துடறேன்" என்கிறாள். அவளுக்குத் தூரம் என்றால் வாசற்படி. எனவே வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவளை உன் ஊருக்குப் பஸ் ஏற்றுகிறேன். பெட்டியும் நானே அடுக்கிவிட்டேன். முப்பது நாள் முடிகிறவரை விடாமல் பார்த்துக்கொள். மனசை இளக விடாதே. என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நல்ல உடம்போடும் நல்ல சகவாசத்தோடும் வளர ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பின்குறிப்பு: இன்று காலை இதைத் தபாலில் போடக் கிளம்பிய கால், எப்படியோ அந்தச் சைக்கிள் கடைக்கு எதிரே போய் நின்றுவிட்டது. பையன் குப்பைக் கூடையோடு வெளியே வந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். கிட்டே வரவில்லை. "இன்னிக்கு நாலாவது நாள்பா. இன்னும் இருபத்தாறு இருக்கு. வீட்டுக்குப் போங்க" என்றான். அவன் குரல் நடுங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அக்கா பெட்டியிலிருந்து தன் புடவைகளை எடுத்துவிட்டு என் சட்டைகளை அடுக்கினாள். பஸ்ஸில் வருவது நான்தான்.