இன்னும் கொஞ்சம் பின்னாடி போ

பறவை பார்ப்பவர்கள் எல்லாம் சாதுவானவர்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்கள் பக்கத்து வீட்டில் ஜூம்தாரி யாரும் குடியில்லை என்று அர்த்தம். கொடுத்துவைத்தவர் நீங்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவர் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வசிக்கிறார். ஆபீஸ் நேரத்தில் குடிநீர் வாரியத்தில் என்ஜினீயர். மற்ற நேரமெல்லாம் ஜூம்தாரி.

இவர்களை எப்படி அடையாளம் காண்பது? கழுத்தைப் பாருங்கள். கறுப்பாக ஒரு ஜூம் கேமரா தொங்கும். பார்வைக்கு அடக்கமாகத்தான் இருக்கும். பொத்தானை அமுக்கினால் 'ஙொய்ய்ங்' என்று அதன் மூக்கு முன்னால் வரும், வந்துகொண்டே இருக்கும், போதும் என்று நாம் நினைத்த பிறகும் வரும். "எவ்வளவு தூரம் இழுக்கும் தெரியுமா சார்? நிலாவுல இருக்கற குழியெல்லாம் தெரியும்!" என்பார். தெரியும் ஐயா, நன்றாகவே தெரியும். அவர் அதை வாங்கிய நாளிலிருந்து மாதாமாதம் என் போனுக்கு அதே நிலா அதே குழிகளோடு வந்துகொண்டிருக்கிறது. இதுவரை ஒரு குழிகூடத் தூர்ந்த பாடில்லை.

பறவை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஜூம்தாரியின் கண்ணுக்குத்தான் தெரியாது. இது இந்த இனத்தின் முக்கியமான குணம். எதிர் மரத்தில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும்; நான் பார்ப்பேன், வாட்ச்மேன் பார்ப்பார், குப்பை எடுக்க வந்தவர் பார்ப்பார், இவர் மட்டும் முழு ஜூமையும் இழுத்து வைத்துக்கொண்டு, கேமராவுக்குள் ஏதோ ஒரு இலையில் ஆரம்பித்து, காம்பைப் பிடித்துக் கிளைக்கு வந்து, கிளையோடு போய் வேறொரு கிளைக்குத் தாவி, வழி தவறி, எதிர்வீட்டு மாடியில் காயும் ஒற்றைக் காலுறையில் போய் முட்டிக்கொண்டு நிற்பார்.

"எங்க சார்?"

"அங்கதான் இருக்கு. நேரா."

"நேரான்னா எந்த நேரா?"

அதற்குள் மீன்கொத்திக்கே அலுத்துப்போகும். அது கிளம்பிய பிறகு இவர் அந்தக் கிளையைக் கண்டுபிடிப்பார், எடுத்தும் விடுவார். அவர் ஆல்பம் முழுக்க அப்படித்தான். "இது கொண்டலாத்தி உக்காந்திருந்த கிளை. இது தகைவிலான் உக்காந்திருந்த கம்பி. கம்பியோட துருவப் பாருங்க சார், என்ன ஒரு தெளிவு!" பார்த்தேன். துரு தெளிவாகத்தான் இருந்தது.

படம் எடுக்கும்போது கை ஆடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வார். அது அவர் மூச்சு, அவர் பாடு. ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்களும் பிடிக்க வேண்டுமாம்! மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் நிறுத்துவார். ஒருநாள் பேப்பர் இரவல் கேட்கப் போன நான், மூச்சு முட்டி, பேப்பர் வாங்காமலே திரும்பி வந்தேன்.

இத்தனையும் சகித்துக்கொள்ளலாம். அவருடைய கொள்கையைத்தான் சகிக்க முடியாது. ஜூமைக் குறைத்து எடுப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். "குறைச்சு எடுக்கறதுக்கு எதுக்கு சார் இந்தக் கேமரா? போன் போதுமே!" என்பார். இந்தக் கொள்கையால் அடிபட்டது பறவை இல்லை. அவர் மனைவி.

அந்த அம்மாள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல வருஷம் இரவும் பகலும் ஓடி, போன மாதம் தலைமை நர்ஸ் ஆனார். அங்கே தலைமை நர்ஸின் அறை வாசலில் அவர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது வழக்கம். பழையவர் ஓய்வு பெற்று, தன் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலிச் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

"வெறும் சட்டமா தொங்குதுண்ணா. போறவங்க வர்றவங்க எல்லாம் எட்டிப் பார்த்துட்டுப் போறாங்க. எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றார் என்னிடம். "இந்த வீட்டுல காக்காவுக்குக்கூட நாலு படம் இருக்கு. எனக்கு ஒண்ணு கிடையாது."

ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வந்ததே கோபம் ஜூம்தாரிக்கு!

"ஸ்டுடியோவா? இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தி ஸ்டுடியோவுக்குப் போறதா? வெளிய தெரிஞ்சா என்னை என்ன நினைப்பாங்க?"

"சரிங்க, நீங்களே எடுங்க. முகம் முழுசா வந்தாப் போதும். ஆனா இன்னிக்கே வேணும், நான் டியூட்டிக்குக் கிளம்பணும்."

பின்னால் வெள்ளைப் போர்வையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், புத்தி வேண்டாமா எனக்கு? அந்த அம்மாள் சீருடையோடு, தலையை வாரிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர் ஙொய்ய்ங் என்று முழுதும் இழுத்தார். எடுத்தார். படத்தில் ஒரு காது வந்திருந்தது. அதுவும் மங்கலாக.

"காதுக்கு மேல கறுப்பா ஏதோ கம்பி குறுக்க ஓடுது. ஒயரா அது? கொஞ்சம் பின்னாடி போ."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் போர்வையைப் பார்த்தேன்.

நாற்காலி சமையலறைக்குப் போனது. அங்கே பாதி மூக்கு வந்தது. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ." சமையலறைக்குப் பின்னால் சுவர். ஆகவே ஜூம்தாரி பால்கனிக்குப் போய் நின்றுகொள்ள, அந்த அம்மாள் டியூட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போனார். பேச்சு போன் வழியாக. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ. ரோட்டைப் பார்த்துத் தாண்டு. இன்னும் கொஞ்சம்." போர்வையோடு நான் கேட் வரைக்கும் போனேன். அதற்கு மேல் எனக்கும் மானம் இருக்கிறது, மடித்துக்கொண்டு மாடிக்கே திரும்பிவிட்டேன். அந்த அம்மாள் மருந்துக்கடையைத் தாண்டி, தையல் கடையைத் தாண்டி, தெருமுனை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்.

"அங்கயே இரு! பை கிடைச்சிடுச்சு. பையிலேர்ந்து மேல வரேன்."

கேமராவுக்குள்ளேயே பை வாரைப் பிடித்து மேலே ஏறினார். தோளுக்கு வந்தார். எனக்கே சந்தோஷமாகிவிட்டது, இன்னும் ஒரு சாண் ஏறினால் முகம். திடீரென்று பேச்சு நின்றது. கேமரா சடசடவென்று அடிக்க ஆரம்பித்தது.

"சார்... மூச்சு விடாதீங்க சார். சிவப்புக் கழுத்து, மஞ்சள் மார்பு, நீல வாலு. எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல சார் இது! அசையவே மாட்டேங்குது. என்னையே பார்க்குது!"

நான் வெறுங்கண்ணால் பார்த்தேன். நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றிருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சோப்பு விளம்பரம். அதில் கட்டில் அகலத்துக்கு ஒரு பறவை.

"சார், அது பஸ்ஸு."

"உஷ்!"

பஸ் கிளம்பியது. "பறக்குது சார்! றெக்கையே அடிக்காமப் பறக்குது! அப்படியே பக்கவாட்டுல வழுக்கிக்கிட்டுப் போகுது சார்!"

"உங்க வீட்டம்மா அதுல ஏறிட்டாங்க சார்."

"இருங்க சார், தொந்தரவு பண்ணாதீங்க!"

நிறுத்தம் காலியாக இருந்தது. அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது.

அன்று சாயங்காலமே ஜூம்தாரிகளின் போன் குழுவில் அந்தப் பறவை பறந்தது. குஞ்சு என்றார் ஒருவர். இல்லை, பெண் என்றார் இன்னொருவர். காலடியில் வளைந்து தெரிவது அது சாப்பிட வைத்திருக்கும் புழு என்று குழுவின் மூத்தவர் தீர்ப்பு சொன்னார். அது 'சோப்பு' என்பதன் கடைசி எழுத்து. எல்லாவற்றிலும் நல்ல படம் ஒன்றை நம் ஜூம்தாரி எனக்குத் தனியாகக் காட்டினார். பறவையின் தலைக்கு மேலே பஸ் ஜன்னல், ஜன்னலில் வெள்ளைச் சீருடை போட்ட ஒரு முழங்கை. "இது இடைஞ்சலா இருந்துச்சு, வெட்டிட்டுத்தான் குழுவுல போட்டேன்" என்றார்.

கேமரா இழுத்து இழுத்து அடுத்த வாரமே அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கேமரா வீட்டில். தலைமை நர்ஸின் அறை வாசலில் சட்டம் காலியாக இல்லை. அந்த பஸ்ஸில் போய் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் சின்ன ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படமாம். அழகாக, முகம் முழுசாக, லேசான சிரிப்போடு.

ஜூம்தாரி அதைப் பார்த்தார். பழக்க தோஷம், பின்னாடி பின்னாடி நடந்தார். வரிசையில் நின்ற சக்கர நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தார். எழுந்து, வேறு வழியில்லாமல், கிட்டே வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அதற்குள் அந்த அம்மாளே வெளியே வந்துவிட்டார்.

"படம் நல்லா இருக்கு" என்றார் இவர். குரல் இறங்கியிருந்தது. "ஆனா... நீ எப்போலேர்ந்து கண்ணாடி போடறே?"

அந்த அம்மாள் கறுப்புக் கம்பி வைத்த அந்தக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மூணு வருஷமாச்சுங்க. நீங்கதான் கூட வந்து வாங்கிக் குடுத்தீங்க. கடை வாசல்ல ஒரு குருவியப் பார்த்துக்கிட்டு நின்னீங்க."

பிறகு வரிசையைப் பார்த்து, "அடுத்தது யாருங்க?" என்றார்.

சிரித்தீர்களா? சிரியுங்கள். உங்களிடம்தான் அந்தக் கேமரா இல்லையே, கழுத்தும் சுகமாகத்தானே இருக்கிறது? போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி. இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, உங்கள் வீட்டில் பக்கத்தில் இருக்கிறாரே, அவர் ஏதோ கேட்டார். நீங்களும் 'ம்' என்றீர்கள். என்ன கேட்டார் என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் குடும்ப விவகாரம். அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

தலையைத் தூக்கிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.