முனியப்பன் கறியும் வழிமறித்த யானைகளும்

காதலித்துக் கல்யாணம் செய்தவன் மாமனார் வீட்டுக் கிடாவெட்டுக்குப் போவதும், லைசென்ஸுக்கு எட்டுப் போடப் போவதும் ஒன்றுதான். சுற்றி நின்று எல்லாரும் பார்ப்பார்கள். காலைக் கீழே ஊன்றினால் போச்சு. நான் காலை மட்டுமா ஊன்றினேன், வண்டியோடு விழுந்து புரண்டேன்.

எனக்கு ஊர் மொரப்பூர். மனைவி சுதாவுக்கு இண்டூர். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் மாமனார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "சுதா, அவருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பார். (வேண்டும் என்று நானும் சுதாவிடமே சொல்வேன்.) அப்பேர்ப்பட்டவர், ஒகேனக்கல் சாலையில் காப்புக்காட்டுக்குள் இருக்கும் தங்கள் குலதெய்வம் முனியப்பனுக்குக் கிடா வெட்டுகிறோம், அவரையும் கூட்டிக்கொண்டு வா என்று மகளுக்குப் போன் செய்தார். சுதா அழுதேவிட்டாள். இந்த ஒரு நாள் நல்லபடியாக நடந்தால் அப்பா மனசு இறங்கிவிடும் என்று நம்பினாள். நானும்தான்.

சும்மா போய் இலை முன்னால் உட்கார்ந்திருந்தால் நடந்திருக்கும். என் வாய்தான் சும்மா இருக்காதே! "எங்க சனம் மட்டும் ரெண்டு வேன்ல வருது. ஒரு கிடா எந்த மூலைக்கு? ரெண்டாவது கிடா நான் புடிச்சிட்டு வரேன்னு சொல்லு" என்று அளந்துவிட்டேன். மொரப்பூர் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் செல்போனில் வரைபடத்தைத் திறந்து, ஒரு புள்ளியைக் குத்தி, லொகேஷனும் அனுப்பினேன்.

கிடாவெட்டு அன்று என் கிடாவோடு மாமனார் வீட்டு மினி லாரியில் போய் இறங்கி, காட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். ஓடைக்கரை முழுக்க நீர்மருது மரங்கள். எங்கள் கூட்டமே கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். எந்த ராஜா காலத்தில் முளைத்ததோ! மேலே கிளையில் பூனை அளவுக்கு ஒரு மலையணில் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் அண்டாக்களை வேவு பார்த்தது. கூட வந்த வனத்துறை வாச்சர் மாதையன் அண்ணன் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"சாமி கும்புடுங்க, சாப்புடுங்க, வேணாங்கல. ஆனா ஒரு பருக்கை, ஒரு எலும்பு இங்க கெடக்கக் கூடாதுங்க. வாசத்துக்குக் கரடி வரும், பன்னி வரும். பொழுது எறங்கறதுக்குள்ள கெளம்பிரணும்."

மதியத்துக்குள் கறி வெந்துவிட்டது. காடே மணந்தது. என் சனத்தைத்தான் காணோம். போனில் சிக்னலும் இல்லை. "லொகேஷன் அனுப்பிருக்கேன், இதோ வந்துருவாங்க" என்று நானும் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோனேன். கடைசியில் மாமனார் பக்கத்துச் சொந்தம் மட்டும், ஒரு மினி லாரி அளவு ஆட்கள், சாப்பிட்டு எழுந்தார்கள். ஒரு அண்டா கறிக்குழம்பும் அதற்கேற்ற சோறும் அப்படியே நின்றன.

"இதுல என்ன இருக்கு, வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிரலாம்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாமியார்தான் விளக்கினார். "முனியப்பன் கறி வூட்டு வாசப்படி ஏறக்கூடாதுங்க. ஏறுச்சுன்னா, கறிக்குப் பின்னாலயே சாமியும் வந்துருவாரு. அப்பறம் அவர யாரு வச்சுப் பாக்கறது?"

காட்டில் விட்டால் வனத்துறை விடாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் முனியப்பன் விடமாட்டார். வயிற்றிலோ இடமில்லை. அப்போதுதான் மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"யோவ்! ஒன்ன எவன்யா ரெண்டாங்கிடா கேட்டான்?"

ஒரு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த நேரடிப் பேச்சு! (அந்த நிலைமையிலும் சுதா, "அப்பா பேசிட்டாரு" என்று என் கையைக் கிள்ளினாள்.) ரோஷத்தில் நான் மறுபடி இலை போட்டு உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை தின்றேன். அண்டாவில் குழம்பு ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓடைக்கு அக்கரையில் மூங்கில் மடாரென்று முறிந்தது. மாதையன் அண்ணன் கையை உயர்த்தினார். "யானைங்க. குட்டி வச்சிருக்குது. சத்தம் போடாம வண்டிய ஏத்துங்க." எலும்பு, இலை, அண்டா எல்லாவற்றையும் பெண்கள் மளமளவென்று லாரியில் ஏற்றினார்கள். அவற்றுக்கெல்லாம் முன்னால் லாரியில் ஏறியிருந்தவன் நான்.

தார்ச்சாலைக்கு வந்தால் அங்கேயும் நிம்மதியில்லை. யானைக்கூட்டம் முன்னால் வளைவில் போய்ச் சாலையை மறித்துக்கொண்டதாம். செக்போஸ்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். அருவிக்குப் போய்விட்டுத் திரும்பும் பஸ், வேன், கர்நாடகா கார் என்று நீளமான வரிசை. கடை கண்ணி எதுவும் கிடையாது. குழந்தைகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. எனக்குப் பளிச்சென்று பட்டது.

"அண்ணே, இந்த எடம் காடா?" என்று மாதையன் அண்ணனைக் கேட்டேன்.

"செக்போஸ்ட்டு வாசல் காடு இல்லீங்க. ஆனா இல ஒண்ணு கெடந்தாலும் நீங்கதான் பொறுக்கணும்."

மாமனாரிடம் போய் நின்றேன். "இது காடும் இல்லீங்க, வூடும் இல்லீங்க. இங்க போட்டா சாமி கோச்சுக்குவாருங்களா?" அவர் வரிசையை ஒரு தரம் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "பசிச்சவனுக்குப் போட்டா எந்தச் சாமிய்யா கோச்சுக்கும்? எறக்கு!"

அடடா, அந்தப் பந்தி! கண்டக்டர் டிக்கெட் பையோடு உட்கார்ந்தார். பெங்களூர்க்காரர் ஒருவர், "சொல்ப சாரு ஹாக்கி" என்று குழம்புக்கு இலையை நீட்ட, மாமியார், "ஊட்டா மாடி, ஊட்டா மாடி" என்று கன்னடத்திலேயே உபசரித்தார். நான் சோற்று வாளியோடு ராஜா மாதிரி நடந்தேன்.

பாதிப் பந்தியில் வரிசையின் பின்னாலிருந்து இரண்டு வேன் ஆட்கள் இறங்கி வந்தார்கள். தலை நிறைய எண்ணெய் மினுமினுப்பு. என் சனம்! முன்னால் அப்பாவும் சித்தப்பாவும்.

"டேய், நீ அனுப்புன எடத்துல அருவிதான்டா இருந்துச்சு" என்றார் சித்தப்பா. "சரி வந்தது வந்தோம்னு மசாஜ் பண்ணி, குளிச்சு, வறுத்த மீன ஒரு கை பார்த்துட்டோம்."

அவ்வளவுதான், செத்தேன் என்று நினைத்தேன். மாமனார் என் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குழம்புக் கரண்டியை நீட்டினார். "வாங்க சம்பந்தி. மீன் தின்னவங்களுக்கு இங்க இல கெடையாது. ஆளு பத்தல, பரிமாறுங்க." முதல்முறையாகச் சம்பந்தி என்ற சொல்லைக் கேட்ட அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியை வாங்கினார்.

அண்டாவை வழித்தபோது, முன்னால் வளைவில் குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு சாலையைக் கடந்ததைப் பார்த்தோம். மொத்த வரிசையும் கும்பிட்டது. அதற்கப்புறம் எங்களுக்கு மகள் பிறந்தாள். போன மாதம் அவளுக்குக் காதுகுத்து. பத்திரிகையை மாமனாரே அடித்துக்கொண்டு வந்தார். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "மாப்பிள்ளை அனுப்பும் லொகேஷனை நம்பி யாரும் வர வேண்டாம்." சொந்தபந்தம் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. எனக்கு மட்டும் அதில் முதல் சொல்லைத் தாண்டி ஒன்றும் கண்ணில் படவில்லை.