என் மார்பில் நடந்த எம்.டி. பரீட்சை

அன்புள்ள மச்சான் ஜெபக்குமாருக்கு, படாளத்திலிருந்து மாமா மோசஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் உன் அக்கா ரெபேக்காள் சுகம். நான் சுகமா என்பதைப் படித்துவிட்டு நீயே சொல்.

ஐந்தரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்த உன் மகள் ஹெலன், மேலே மூன்று வருஷம் எம்.டி. படிக்க வேண்டும் என்கிறாளே, அது எதற்கு என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியும். இங்கே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் எம்.டி. செய்முறைத் தேர்வுக்கு என் இதயத்தைத்தான் கேள்வித்தாளாக வைக்கிறார்கள். அதில் மைட்ரல் என்றொரு வால்வு சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாஸ். இதுவரை இரண்டு பேரைப் பாஸாக்கியிருக்கிறேன். போன வாரமும் வேன் அனுப்பினார்கள், போய்ப் படுத்தேன். ஜெனிட்டா என்றொரு பெண் வந்தாள். ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். எனக்கு மனசு கேட்கவில்லை. "மைட்ரல் சுருக்கம்னு சொல்லிட்டுப் போய்கினே இரு டாக்டரம்மா" என்றேன் மெதுவாக.

"ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க. எழுந்து உக்காந்து முன்னால குனிங்க. மூச்ச வெளிய வுட்டு நிறுத்துங்க" என்றாள். இதற்கு முன்னால் யாரும் என்னைக் குனியச் சொன்னதில்லை. பிறகு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரிடம், "மைட்ரல் சுருக்கம் சார். அயோர்ட்டிக் வால்வும் ஒழுகுது" என்றாள்.

"ஃபைல்ல அப்படி இல்லியேம்மா?"

"ஃபைல் எனக்குத் தெரியாது சார். எனக்குக் கேக்குது."

இந்தத் தடவையும் போச்சு, இனி ஆறு மாசம் காத்திருக்க வேண்டியதுதான் என்று அவளுக்காக ஜெபித்தேன். தேர்வாளர் குனிந்து கேட்டார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பவர்கள் மாதிரி என் மார்பில் காதை வைத்துக்கொண்டு அசையவில்லை. உடனே எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். ஒழுகுகிறதாம். ஜெனிட்டா அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். "நீ பாஸு, சரி. எனக்கு இன்னாம்மா ஆவும்?" என்றேன். "பயப்படாதீங்க ஐயா, இப்பவே தெரிஞ்சது நல்லது. மாத்திரை போதும். ஆறு மாசத்துக்கு ஒருதபா நானே பாக்குறேன்" என்றாள். அவளுக்கு ஒரு பட்டம் கூடியது, எனக்கு ஒரு நோய் கூடியது.

ஆகவே ஹெலன் படிக்கட்டும். ஆனால் நான் இனி அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று உன் அக்காவிடம் வேதப்புத்தகத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டேன். நம் உடம்பை வைத்து யாரையும் பரீட்சை எழுத விடாதே. கர்த்தர் உன் வீட்டாரின் எல்லா உறுப்புகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
மோசஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கல்லூரியிலிருந்து போன். அடுத்த தேர்வுக்குக் கல்லீரல் வீங்கிய ஆள் ஒருவர் வேண்டுமாம். உனக்குத்தான் அது இருக்கிறதே, உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வேன் உன் ஊர் நெம்மேலிக்கே வரும். நான் அதில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன்; அக்காவிடம் சொல்லாதே.