எதிர்மாடி டவர்

டெரிக்கின் கிடாரை உடைத்தே தீருவது என்று ஹென்றி முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

டெரிக் தெருவுக்கு எதிர்ப்பக்கத்து மாடிவீட்டுக்காரன். சாந்தோம் மாதா கோயில் பாடற்குழுவில் அவன் கிடார், ஹென்றியின் மனைவி ஐவி பாட்டு. அதுவரை ஹென்றிக்கு ஆட்சேபம் இல்லை. ஆண்டவருக்குத்தானே பாடுகிறார்கள். ஆனால் ஒரு வாரமாகச் சாயங்காலமானால் ஐவி போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போகிறாள். எதிர்மாடியைப் பார்த்தபடி பேசுகிறாள். பேசினால்கூடப் பரவாயில்லை, சிரிக்கிறாள். ஹென்றியின் ஜோக்குக்கு ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. கணக்கு வாத்தியார் ஜோக்குக்கு யார்தான் சிரிப்பார்கள், அது வேறு விஷயம்.

"யாருகிட்ட பேசுற?"

"பிரெண்டுகிட்ட."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"சிரிக்கவைக்கிற பிரெண்டு."

"அதை உள்ள உக்காந்து சிரிக்கக்கூடாதா?"

"உள்ள எங்கங்க டவர் கெடைக்குது? கம்பெனியை மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன். சிம் உங்க பேர்ல இருக்கு, நீங்க வந்து கைரேகை வெச்சாத்தான் மாத்துவானாம்."

"சிம்மும் சம்சாரமும் மாத்துற பழக்கம் எங்க குடும்பத்துலயே கிடையாது!"

"அப்போ பால்கனிதான்," என்று போய்விட்டாள். அடுத்த நிமிஷமே கலகலவென்று சிரிப்பு.

ஹென்றி பால்கனிக் கதவையே முறைத்தான். இது சிக்னல் விவகாரமா, சில்மிஷ விவகாரமா? எந்தத் தெருவில் எந்த டவர் என்று அரசாங்கமே இணையத்தில் படம் போட்டு வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. போனில் தேடினான். பக்கம் தவழ்ந்து தவழ்ந்து திறந்து, ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த வீட்டுக்குள் ஓ.டி.பி. எப்படி வரும்? டவர் எங்கே என்று தெரிந்துகொள்ளவே டவர் வேண்டியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்கு ஓடினான்.

"இன்னா வாத்தியாரே, போனைத் தூக்கி ஆரத்தி காட்டிக்கினுகீற?" என்றார் டீக்கடைக்காரர்.

"எதிரியைத் தேடுறேம்பா."

ஓ.டி.பி. வந்தது. படம் விரிந்தது. அவர்கள் தெருவில் ஒரே ஒரு புள்ளி. விரலால் பெரிதாக்கினான். புள்ளி டெரிக்கின் மொட்டைமாடியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அடப்பாவி! என் பெண்டாட்டி சிரிப்பு முதலில் உன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் ஊருக்குப் போகிறதா? பொறாமை தலைக்கேறியது. புள்ளியைத் தொட்டால் மேல்விவரம் வரும் என்று கீழே எழுதியிருந்தது. டெரிக் வீட்டைத் தொட ஹென்றிக்கு மனசில்லை.

மறுநாள் ஐவியை மயிலாப்பூரில் ஒரு போன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"இவங்க நம்பரை வேற கம்பெனிக்கு மாத்தணும். எதுவா இருந்தாலும் சரி, இப்ப இருக்கறது மட்டும் வேணாம்!"

"சாந்தோமா சார்? அப்ப இதுக்கு வாங்க. உங்க தெருவுல செம டவர்," என்றான் கடைக்காரன்.

"அவசரப்படாதீங்க. பழகின கம்பெனி, நல்லா யோசிச்சுக்கங்க," என்றாள் ஐவி.

அவள் தடுக்கத் தடுக்க ஹென்றி கட்டைவிரலை இன்னும் அழுத்தி வைத்தான்.

புது சிம்முக்கு உயிர் வந்ததும் வீடே மாறிப்போனது. ஹாலில் சிக்னல், அடுப்படியில் சிக்னல், குளியலறையில்கூட சிக்னல். ஐவி பால்கனிப் பக்கமே போகவில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கே.கே. நகரில் இருக்கும் தங்கையோடு மணிக்கணக்கில் அரட்டை அடித்தாள். ஹென்றி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"பாத்தியா? அந்த டெரிக் மாடி டவர்லேர்ந்து உன்னைப் பிரிச்சுக் கொண்டாந்துட்டேன்!"

ஐவி தன் போனில் அதே படத்தைத் திறந்தாள். அதே புள்ளி. அவள் கூசாமல் தொட்டாள். ஹென்றி கட்டைவிரல் வைத்துச் சேர்ந்த புதுக் கம்பெனியின் பெயர் பளிச்சென்று வந்தது.

ஹென்றி காலரை இறக்கிவிட்டுக்கொண்டான். "அப்போ... பழைய கம்பெனி டவர்?"

"அது எங்கயோ பட்டினப்பாக்கம் தாண்டிக் கெடக்குது."

"அப்போ ஒரு வாரமா பால்கனியில நின்னு யாருகிட்டடி பேசின?"

ஐவி ஒரு தலையணையை எடுத்து முதுகுக்குக் கொடுத்துக்கொண்டாள்.

"பால்கனியில எனக்கு என்னிக்குங்க டவர் கெடச்சுது?"