உன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நான் செத்துப்போனது பற்றி

நோவி சாத் நகரத்தில் பெரிய படிப்பெல்லாம் படித்த, மதிப்புக்குரிய என் தங்கை மகன் ஓந்த்ரேய்க்கு, ஊரிலிருந்து பெரியம்மா சுசானா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நானும் நலம், உன் புத்தகத்தின்படி அப்படி இருக்கக் கூடாது என்றாலும்.

செர்பியாவில் நம் வோய்வோதினா மாகாணத்தைப் பற்றி நீ எழுதிய புத்தகத்தை, நாலாம் வகுப்போடு நின்ற நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நிலம் தட்டை என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய், கதவைத் திறந்தால் தெரிகிற விஷயம். இருபத்தாறு இனம் தோளோடு தோள் உரசி வாழுதாம். உரசத்தான் செய்யுது, அதனாலதான் நடுவுல வேலி. உலகப் போருக்குப் பிறகு ஜெர்மன்காரர்கள் ‘இடம்பெயர்ந்தார்கள்’ என்று ஒரே வார்த்தை. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரி அடுப்பில் சூப்பைக் கொதிக்கவிட்டுத்தான் இடம்பெயர்ந்தாள், நாலு வயசு ஆகாத எனக்கு அதன் வாசனைகூட ஞாபகம் இருக்கு. அந்த வீட்டுக்கு மலைநாட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய செர்பியப் பிள்ளைதான் உன் பெரியப்பா சீமோ. இவ்வளவு தட்டையைப் பார்த்துத் தலைசுற்றி வாந்தி எடுத்தார், அதை நீ எழுதலை. நாடு பெயர் மாறி மாறி, ஊர் மாறாமலே நான் ஐந்து நாட்டில் குடியிருந்துவிட்டேன், அதையும் எழுதலை.

ஆனா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துல, ‘ஊரின் கடைசி ஸ்லோவாக் பெண்மணி சுசானாவின் மறைவோடு அந்த இனம் இங்கே இல்லாமல் போனது’ன்னு அழகா எழுதியிருக்கே. கல்லறைத் தோட்டத்துல கல்லை எண்ணிக் கணக்கெடுத்தியாம். சீமோ செத்தப்போ ஊர் வழக்கப்படி அவர் பக்கத்துல என் பெயர், படம், பிறந்த வருஷம் எல்லாம் செதுக்கிவச்சேன். அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒண்ணுமே இல்லை. படிச்ச பிள்ளை, உன் அம்மாவைக்கூட ஒரு வார்த்தை கேட்காம, கோட்டைப் பார்த்ததும் என்னை முடிச்சிட்டே. அங்கேருந்து என் வீடு நானூறு எட்டு வைக்கிற தூரம்தான். கதவைத் தட்டியிருந்தா காப்பியும் கசகசா ரொட்டியும் கொடுத்து, மூச்சு விட்டுக் காட்டியிருப்பேன்.

விளைவைக் கேளு. மாசத்தின் முதல் ஞாயிறு எனக்காகவே வருகிற நம் லூத்தரன் பாதிரியார் வரலை. போன் பண்ணினேன்.

“சுசானா அம்மாவா? உங்களுக்கு ஜெபம்கூடப் பண்ணிட்டேனே.”

“அப்போ இப்ப பேசுறது யாரு, ஐயா?”

“சபை மேலிடத்துல அந்தப் புத்தகத்தைப் படிச்சிட்டு, உங்க ஊர்ல ஆள் இல்லைன்னு கோயிலைப் பூட்டச் சொல்லிட்டாங்கம்மா. புத்தகத்துல மாத்தட்டும், மறுவாரமே வர்றேன்.”

எனக்கு எண்பத்து மூணு. சாகும்போது தலைமாட்டுல என் பாஷையில ஒரு ஜெபம் வேணும். செர்பியப் பாதிரியார் தங்கமான மனுஷர், ஆனா என் அம்மா என்னைத் தாலாட்டின பாஷை அவருக்குத் தெரியாது. அதனால அந்தப் பக்கத்தை உடனே திருத்தி, நான் உயிரோட இருக்கேன்னு மேலிடத்துக்கும் எழுதிப் போடு.

உன் அம்மாவுக்கு என் முத்தம். உன் மனைவி என் பூரிக்கட்டையைத் திருப்பித் தராததை நான் மறந்துவிட்டதாகச் சொல். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மூக்குக்கண்ணாடியும் தரட்டும்.

அன்புள்ள பெரியம்மா,
சுசானா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், ‘துயரத்தில் இருக்கும் குடும்பத்தாருக்கு’ என்று ஹங்கேரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்பு எதிர்வீட்டில் இருந்த இலோனா எழுதியிருக்கிறாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் என் வாத்தைத் தூக்கியது நாய் இல்லையாம், அவள்தானாம், என்னை மாதிரி நல்லவளைப் பார்த்ததே இல்லையாம். இதைக் கேட்க ஐம்பது வருஷம் காத்திருந்தேன். செர்பியப் பாதிரியாரே போதும். புத்தகத்தில் ஒரு எழுத்தையும் தொடாதே, இன்னும் மூன்று பேர் எனக்கு இப்படி எழுத வேண்டியிருக்கு.