பிரதம விருந்தினரின் பற்கள்

அழகான பல்வரிசை உள்ளவனிடம் பணமும் இருக்கும் என்று நம்பிய முட்டாள் நான். பத்தொன்பது வயதில் அதை நம்பியதோடு நிற்காமல், என் அப்பாவையும் நம்பவைத்தேன்.

யூரோ வந்து நாலைந்து வருடமான காலம். வுப்பர்டாலில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகத் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். (பல் வைத்தியரிடம் வேலை செய்துகொண்டே பல்லைப் பார்த்து ஏமாந்தவள் என்பதைக் கவனியுங்கள்.) என்னோடு தொழிற்பள்ளியில் படித்தவள் யூனா. தாதி வேலைக்காக ஜெர்மனிக்கு வந்த ஒரு கொரிய அம்மாவின் மகள். அவளுடைய பெரியம்மாவின் மகன் மின்சூ, சியோலில் ஐந்து பையன்கள் ஆடிப் பாடும் குழுவில் ஒருவன். அவர்களுடைய இசைத்தட்டின் அட்டையை என் அறைக்கதவில் ஒட்டியிருந்தேன். அம்மா அதைக் கடக்கும்போதெல்லாம், "உவனுக்கு முடி வெட்ட ஆளில்லையோ?" என்று கேட்பார்.

அந்த மின்சூ, முழங்காலில் அடிபட்டு, பத்து நாள் ஓய்வுக்கு யூனா வீட்டுக்கு வந்து இறங்கினான். விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தது யூனாவின் அம்மா. அவன் படுத்தது வரவேற்பறைச் சோபாவில். கொண்டுவந்தது ஒரே ஒரு சோடிச் சப்பாத்து. இவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட்டு, "எவ்வளவு எளிமையான மனிதர்!" என்று உருகினேன். தலைக்குள் களிமண் இருந்தாலாவது ஒரு செடி முளைத்திருக்கும்.

அதே கிழமைதான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்த அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். புதிய அறைக்கு முற்பணமாக ஆயிரத்து ஐந்நூறு யூரோ கட்டவேண்டும். கட்டாவிட்டால் அறுபது பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா நடுத்தெருவில்தான். பள்ளியின் பொருளாளர் என் அப்பா. பணம் சேர்க்க ஒரு கலைவிழா வைத்தார்கள். எங்கள் விழாக்களில் பிரதம விருந்தினர் விளக்கேற்றுவார், பொன்னாடை போர்த்திக்கொள்வார், பிறகு அவருடைய அன்பளிப்புத் தொகையை மேடையில் அறிவிப்பார்கள். வருடா வருடம் அந்தக் கதிரையில் இருந்தவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர். ஐம்பது யூரோ கொடுத்துவிட்டு ஐம்பது நிமிடம் பேசுவார்.

"அப்பா, இந்தமுறை மின்சூவைக் கூப்பிடுவம். முழுக்காசையும் அவரே தந்திடுவார்" என்றேன்.

"கேட்டனியோ?"

"ஓம்."

கேட்கவில்லை. (நட்சத்திரத்திடம் போய்க் காசுக் கதை கதைப்பது மரியாதையில்லையாம். என் சட்டம்.) யூனாவிடம், "எங்கள் விழாவுக்கு அவர்தான் முக்கிய விருந்தினர்" என்று மட்டும் சொன்னேன். அப்பா என் "ஓம்" ஒன்றை நம்பி, அறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

விழா, தேவாலயத்தோடு சேர்ந்த ஒரு மண்டபத்தில் நடந்தது. மின்சூ யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனாலென்ன? அறிவிப்பாளர் அண்ணை அவனை "கொரிய மண்ணின் இசைச் சூறாவளி" ஆக்கிவிட்டார். சூறாவளி அந்த நேரம் மண்டப மூலையில் எட்டாவது வடையைத் தின்றுகொண்டிருந்தது. வடை சுட்ட செல்வராணி அக்கா, "மெலிஞ்ச பிள்ளை, தின்னட்டும்" என்று இன்னும் இரண்டை வைத்தார்.

விளக்கேற்றினான். பொன்னாடை போர்த்தினார்கள். மொழிபெயர்க்க நானும் யூனாவும் பக்கத்தில். அறிவிப்பாளர் அண்ணை குரலை உயர்த்தினார்: "எமது பள்ளிக்கு ஆயிரத்து ஐந்நூறு யூரோவை அள்ளி வழங்க முன்வந்திருக்கும்..."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. மின்சூ இடுப்பு வளைத்து வணங்கினான். பிறகு யூனாவின் காதில் ஏதோ கேட்டான். யூனா என்னிடம் ஜெர்மனில் சொன்னாள்: "தனக்குரிய பணத்தை எப்போது தருவார்கள் என்று கேட்கிறான்."

"எந்தப் பணம்?"

"மேடையேறினால் சம்பளம் உண்டுதானே? பிழைப்புக்குத்தானே அவன் மேடையேறுகிறான்?"

அவசர அவசரமாகக் கிசுகிசுத்ததில் உண்மை வெளியே வந்தது. ஐந்து வருடம் பயிற்சியில் வைத்திருந்த கம்பனி, தங்கிய அறை, தின்ற சோறு, ஆட்ட வாத்தியார், தலைமயிர்ச் சாயம் என்று எல்லாவற்றையும் அவன் பெயரில் கடனாக எழுதி வைத்திருக்கிறது. நான் கதவில் ஒட்டி ரசித்த பற்களை நேராக்கிய செலவும் அதில் அடக்கம். இசைத்தட்டு விற்ற பணத்தில் கம்பனி தின்றது போக மீதியை ஐந்தாகப் பிரித்து, அதையும் கடனில் கழித்துவிடுவார்கள். கைச்செலவுக்கு, சியோலில் கறிக்கடை வைத்திருக்கும் அம்மா அனுப்புகிறாராம்.

"தங்கச்சி, அவர் என்ன சொல்லுறார்? சபைக்குச் சொல்லுங்கோ" என்று ஒலிவாங்கியை என் வாய்க்கு நேரே நீட்டினார் அறிவிப்பாளர் அண்ணை.

கைவசம் பொய் எதுவும் மிச்சமில்லை. உள்ளதைச் சொன்னேன், பல் உட்பட. அப்பாவின் பக்கம் நான் பார்க்கவேயில்லை.

பின்னாலிருந்து செல்வராணி அக்காவின் குரல் வந்தது: "அட, உது எங்கட ஏஜென்சிக் காசு மாதிரியெல்லோ!"

அவ்வளவுதான், சபைக்கு விளங்கிவிட்டது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர், கடன்பட்டு ஏஜென்சிக்காரனுக்குக் கொட்டிக்கொடுத்து ஜெர்மனி வந்து, வருடக்கணக்கில் உழைத்துக் கட்டியவர்கள். (ஏஜென்சிக்காரன் கள்ளன்தான். ஆனாலும் அவன் தலைமயிர்ச் சாயத்துக்குக் காசு கேட்டதில்லை.)

அக்கா மேடையேறி வந்தார். "கட்டி முடிக்க இன்னும் எவ்வளவு காலமாம்?"

நாலு வருடம், அதுவரை குழு உடையாவிட்டால், என்றான்.

"என்ர மனுசன் ஆறு வருசம் கோப்பை கழுவினவர். அழாதை தம்பி" என்று சொல்லி, இருபது யூரோவை அவன் கையில் வைத்துப் பொத்தினார். அவன் அதுவரை அழவில்லை. அதற்குப் பிறகு அழுதான். பின்னாலேயே வரிசை. பள்ளிக்கென்று கொண்டுவந்த பணமெல்லாம் அவன் கைக்குப் போனது. பலசரக்குக் கடைக்காரரும் ஐம்பது கொடுத்தார், பேசாமல். பள்ளியின் உண்டியல் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

வீடு திரும்பும்போது, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடும் வுப்பர்டாலின் தொங்கு ரயிலில், அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கேட்டனியோ எண்டு கேட்டனான். ஓம் எண்டு சொன்னனி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினெட்டு வருடம் கழித்து ஊருக்குப் போகவென்று சேர்த்திருந்த பணத்தை எடுத்து அப்பா முற்பணம் கட்டினார். பள்ளி பிழைத்தது, பயணம் நின்றுபோனது. நான் தொழில் பழகும் சம்பளத்தில் மாதாமாதம் திருப்பிக் கொடுத்தேன். ஒருநாள் வெட்கத்தில், "சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பிடியுங்கோ அப்பா" என்றேன். "நான் உன்ர கம்பனி இல்லை" என்றார்.

குழு அடுத்த வருடமே உடைந்தது. மின்சூ அம்மாவின் கடையில் நிற்பதாக யூனா சொன்னாள். சில வருடம் கழித்து அவள் மூலம் செல்வராணி அக்காவுக்கு இருபது யூரோ வந்தது. "வட்டி எங்கை?" என்று கேட்டார் அக்கா.

இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய அறைக்கதவில் ஏழு கொரியப் பையன்கள் சிரிக்கிறார்கள். போன மாதம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல பல்லுகள். கட்டி முடிச்சிட்டாங்களோ எண்டு கேட்டனியோ?"

"இல்லை அப்பா" என்றேன். இந்தமுறை உண்மையைச் சொன்னேன்.